பூட்டிய வார்டில் ஒரு மத்தியானச் சாப்பாடு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், குளிர் நன்றாக இறுகிப்போயிருந்த ஒரு பெப்ரவரி மாதம் இது நடந்தது. அப்போது நானும் என் கணவரும் தென்லண்டனில், ஸ்ட்ரெதம் பெருந்தெருவில் ஒரு கடைக்கு மேலே இருந்த சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. விசா இன்னும் முடிவாகவில்லை. கதவுத் துவாரத்தால் தபால் விழும் சத்தம் கேட்டாலே கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிப் போய்ப் பார்ப்பேன். அவருக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை. நான் ஒரு தையல் தொழிற்சாலையில் சட்டைகளுக்குக் கொலர் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை வேலையில் நின்றபடியே அவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. மனுசன் அதை வாய்வு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஒரு சோடாவைக் குடித்துப் பார்த்திருக்கிறார். பெற்றோல் அடிக்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு அம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஆசுபத்திரி கிட்டத்தில்தான் இருந்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். நான் பக்டரியிலிருந்து ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய மூக்கில் குழாய், நெஞ்சில் வயர்கள். ஆனால் கண் திறந்திருந்தது. முதலில் காசைக் கட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை, விசாவைக் காட்டு என்றும் கேட்கவில்லை. அங்கே இருந்த டொக்டர் என்னை ஒரு கதிரையில் இருத்தி ஆறுதலாகச் சொன்னார். இது ஹார்ட் அட்டாக். பக்கத்திலேயே அவசரப் பிரிவு இருந்தபடியால் காப்பாற்ற முடிந்தது, இன்னும் கொஞ்சத் தூரம் கொண்டுபோக வேண்டி வந்திருந்தால் நிச்சயம் சொல்ல முடியாது. திரும்பவும் வரலாம், கவனமாக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் நோயை வருத்தம் என்றுதான் சொல்வோம். ஒருவருக்கு வருத்தம் என்றால் போய்ப் பார்க்காமல் இருப்பது பெரிய குற்றம். கலியாணத்துக்குப் போகாவிட்டாலும் மன்னிப்பார்கள், வருத்தம் பார்க்கப் போகாவிட்டால் வருடக்கணக்காகச் சொல்லிக் காட்டுவார்கள். போகும்போது வெறுங்கையோடு போகவும் கூடாது. இவருக்கு நெஞ்சு வலி என்ற செய்தி லண்டனில் எங்கள் ஆட்கள் இருக்கும் லூயிஷாம், பிளேஸ்டோ என்று பரவி, மறுநாளே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். இவரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், எங்கள் பக்கத்து ஊர்க்காரர், அந்த ஊர்க்காரரின் மச்சான், மச்சானோடு பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்கிறவர். ஆளுக்கொரு பிளாஸ்க், இடியப்பம், சொதி, கோயில் விபூதி. காலையில் நேர்ஸ் வந்து இவருடைய நெற்றியைத் துடைத்துவிட்டுப் போவார். பின்னேரம் வருகிறவர்கள் திரும்பப் பூசிவிடுவார்கள். ஒரு கட்டத்தில் நேர்ஸ் துடைப்பதை விட்டுவிட்டார்.

வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் ஓர் ஐரிஷ் பெண். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி, குரல் மட்டும் பெரிது. ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் என்று சுவரில் எழுதித் தொங்கவிட்டிருந்த பலகையை விரலால் தட்டித் தட்டிக் காட்டுவார். எங்கள் ஆட்களும் மரியாதையாகத் தலையை ஆட்டிக்கொண்டு, இரண்டு இரண்டு பேராக உள்ளே போனார்கள். மிச்சப் பேர் என்ன செய்தார்கள் என்பதுதான் கதை. வெளியே குளிர். அவசரப் பிரிவுக்கு முன்னால் நல்ல சூடான பெரிய மண்டபம் ஒன்று இருந்தது, கதிரைகளும் இருந்தன. போய் இருந்துவிட்டார்கள். அது அடிபட்டோ காய்ச்சலிலோ வந்தவர்கள் காத்திருக்கும் இடம் என்பது அவர்களுக்குத் தெரியாமலில்லை. ஒரு மூலையில் இருந்தால் யாருக்கு என்ன இடைஞ்சல் என்ற நினைப்பு. அந்த மூலை நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டு போனது.

அந்த மண்டபத்தில் நான் கண்டதையும் சொல்ல வேண்டும். சனங்கள் மணிக்கணக்காகக் காத்திருந்தார்கள். உள்ளே தாழ்வாரத்தில் தள்ளுகட்டில்களில் கிழவர்கள் வரிசையாகக் கிடந்தார்கள். மேலே கொண்டுபோக வார்டில் கட்டில் இல்லை என்று நேர்ஸ்மார் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடித் திரிந்தார்கள். டிவியில் அந்த நாட்களில் இதே பேச்சுத்தான். அரசாங்கம் போதிய காசு கொடுக்கிறோம் என்றது, டொக்டர்மார் போதாது என்றார்கள். நான் அதையெல்லாம் இந்த நாட்டுக்காரரின் வீட்டுச் சண்டை என்று நினைத்து, சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சமைக்கப் போகிறவள்.

ஒரு நாள் அங்கே பெரிய உடம்புள்ள ஒரு வெள்ளைக்காரர், மணிக்கட்டு முறிந்த மனைவியோடு வந்து நின்றார். இருக்க இடமில்லை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அண்ணை உடனே எழும்பித் தன் கதிரையை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தார். இந்த அண்ணைதான் எங்களுக்கு லண்டனில் தாய் தகப்பன் மாதிரி. வாய் ஓயாது, கையும் ஓயாது. பிளாஸ்கைத் திறந்து அந்தப் பெரிய மனுசனுக்கு இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சிவந்து இருமினார். ஆனால் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது அது வெறுமையாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் சிஸ்டருக்குப் பொறுமை போய்விட்டது. மண்டபத்துக்கே வந்து, வருத்தமில்லாதவர்கள் எல்லாரும் எழும்புங்கள் என்று எங்களைக் கலைத்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். கையில் சோற்றுப் பெட்டி, வெளியே மழை. அண்ணை எங்கேயோ மாடிப்படியால் ஏறிப் போனவர், கொஞ்ச நேரத்தில் சிரித்த முகத்தோடு இறங்கி வந்தார்.

"தங்கச்சி, எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. மேல நல்ல இடம் ஒண்டு கிடக்கு. ஒரு சனமும் இல்லை."

அவர் கைப்பிடியைத் திருகிப் பார்த்ததில் ஒரு கதவு திறந்திருக்கிறது. பூட்டென்று ஒன்று பேருக்குத்தான் இருந்தது. உள்ளே போனால் ஒரு முழு வார்டு. இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டில்கள், மெத்தைகள், தலைமாட்டில் விளக்குகள், பெரிய ஜன்னல்கள். ஒரு மனிதர் இல்லை. எங்கள் பெண்கள் ஜன்னலோரத்து மேசைகளில் தூசி தட்டி, ஈரத் துணியால் துடைத்து, பெட்டிகளைத் திறந்தார்கள். வெங்காயப் பொரியல் வாசம் வார்டு முழுக்கப் பரவியது. நான் சாப்பிடவில்லை. கீழே தாழ்வாரத்தில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்த ஒரு கிழவரின் முகம் எனக்கு ஞாபகம் வந்துகொண்டிருந்தது. இங்கே இத்தனை கட்டில்கள் சும்மா கிடக்கின்றன, அங்கே அவருக்குக் கட்டில் இல்லையாம். இது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

வாசம் பிடித்தோ என்னவோ சிஸ்டர் வந்துவிட்டார். வாசலில் நின்று எங்களைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் கையில் சோற்றோடு எழும்பி நின்றோம், வகுப்பில் பிடிபட்ட பிள்ளைகள் போல. அவர் கத்தவில்லை. மெதுவாக உள்ளே வந்து ஒரு கட்டிலின் இரும்புக் கம்பியைக் கையால் தடவினார். இது என்னுடைய வார்டு, பல வருடம் இங்கேதான் வேலை செய்தேன் என்றார். நேர்ஸ்மாருக்குச் சம்பளம் கொடுக்கக் காசில்லை என்று இலையுதிர் காலத்தில் பூட்டிவிட்டார்களாம். வேலையில் இருக்கிறவர்கள் இதைப் பற்றி வெளியே வாய் திறந்தால் வேலை போய்விடும், ஆகவே நான் ஒன்றும் சொல்லவில்லை, நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை என்றார். பிறகு ஒரு வடையை எடுத்துக் கடித்துக்கொண்டு, துப்புரவாகக் கூட்டிவிட்டுப் போக வேண்டும் என்று கட்டளை போட்டுவிட்டுப் போனார்.

இவர் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில், பஸ் தரிப்பில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. அந்த ஆசுபத்திரியின் அவசரப் பிரிவை மூடிவிட்டு, தூரத்தில் இருக்கும் பெரிய ஆசுபத்திரியோடு சேர்க்கப் போகிறார்களாம். மக்களின் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம், எல்லாரும் வரலாம். நான் அதை இரண்டாம் தரம் வாசித்தபோது பஸ் வந்து போய்விட்டது. இன்னும் கொஞ்சத் தூரம் என்று அந்த டொக்டர் சொன்னது என் காதுக்குள் கேட்டது. பெரிய ஆசுபத்திரிக்குப் போகும் ரோட்டில் வாகனங்கள் ஊர்ந்துதான் போகும். இவருக்குத் திரும்பவும் வந்தால் அந்த ரோட்டிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

கூட்டத்துக்குப் போகப் போகிறேன் என்றதும் இவர் கட்டிலில் எழும்பி இருந்தார்.

"விசாவும் வரேல்லை. நீர் போய்க் கடைசியில இரும். வாயை மட்டும் திறவாதையும்."

"இஞ்சாருங்கோ, எனக்கு என்ன விசரே? சும்மா இருந்து கேட்டுட்டு வாறன்."

உண்மையில் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். நாங்கள் விட்டு வந்த நாட்டில், கூட்டத்தில் எழும்பிக் கதைத்தவனை விடிவதற்குள் தேடி வருவார்கள். அந்தப் பயம் எலும்புக்குள் இருந்தது. அண்ணை எல்லாருக்கும் போன் போட்டிருந்தார். வருத்தம் பார்க்க வந்த அதே கூட்டம், அதே பிளாஸ்குகளோடு வந்து மண்டபத்தின் பின்வரிசைகளை நிரப்பியது. ஆசுபத்திரிக்கு ஒன்று என்றால் மட்டும் வெறுங்கையோடு வருவார்களா என்ன. ஓர் ஓரத்தில் சிஸ்டரும் இருந்தார், சீருடை இல்லாமல், பழுப்பு நிறக் கோட்டோடு. என்னைக் கண்டும் காணாதவர் போல மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையில் நிர்வாகத்திலிருந்து வந்தவர்கள் படங்களும் கோடுகளும் காட்டி அழகாகப் பேசினார்கள். கடைசியில் விஷயம் இதுதான்: சனத்தொகை கூடிவிட்டது, நெருக்கடி தாங்கவில்லை, இடமும் கட்டிலும் காணாது, அதனால் பெரிய இடத்தோடு சேர்ப்பதுதான் எல்லாருக்கும் நல்லது. கேள்வி கேட்கலாம் என்றதும் முன்வரிசையில் ஒருவர் எழும்பினார். பார்த்தால், இஞ்சித் தேத்தண்ணி குடித்த அதே பெரிய மனுசன். மனைவியின் கையில் இன்னும் கட்டு இருந்தது. என் மனைவி முறிந்த கையோடு ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தாள் என்றார். ஏன் தெரியுமா என்று கேட்டு, மண்டபம் முழுக்க வெளிநாட்டுக்காரர், எனக்கு முன்னால் அத்தனை பேர், இப்படிக் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினால் எந்த ஆசுபத்திரி தாங்கும் என்றார். கொஞ்சப் பேர் கை தட்டினார்கள். மேடையில் இருந்தவர் மறுக்கவில்லை. நெருக்கடி எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். அந்த மனுசன் சொன்னது அவருக்கு வசதியாக இருந்தது.

எனக்கு முகம் சுட்டது. பயம் எங்கே போனது என்று தெரியாது, கோபம் மட்டும்தான் மிஞ்சியது. கை தானாக உயர்ந்துவிட்டது. மைக்கைக் கொண்டுவந்து தந்தார்கள். தலைவராக இருந்தவர், முதலில் உங்கள் பெயரையும் எந்தத் தெரு என்பதையும் சொல்லுங்கள் என்றார். எல்லாரிடமும் கேட்டதுதான், என்னிடமும் கேட்டார். ஆனால் நான் மைக்கைக் கீழே இறக்கிவிட்டேன். பெயரைக் கேட்கிறார்களே, எழுதிக்கொள்வார்களே, விசாக்காரருக்குப் போகுமே. பக்கத்தில் அண்ணை என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். இருங்கோ என்கிறார் என்றுதான் நினைத்தேன். குனிந்தபோது மெல்லமாகச் சொன்னார்.

"சொல்லு தங்கச்சி. நாங்கள் இவ்வளவு பேர் இருக்கிறம்."

என் பெயரை முழுதாகச் சொன்னேன். அப்பாவின் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். தெருவைச் சொன்னேன். பிறகு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தொடங்கினேன். ஊரில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தவள் நான். புத்தக ஆங்கிலம் இருந்தது, பேச்சு ஆங்கிலம்தான் தடுக்கும். அன்றைக்குத் தடுக்கவில்லை.

ஐயா, நீங்கள் கண்டது சரி, அந்தக் கூட்டம் நாங்கள்தான் என்றேன். ஆனால் அதில் வருத்தக்காரர் ஒருவர்தான், அவரும் மேலே வார்டில் படுத்திருந்தார், என் கணவர். மற்ற எல்லாரும் அவரைப் பார்க்க வந்தவர்கள். எங்களுடைய பழக்கம் அது. வெளியே குளிர் என்று உங்கள் மண்டபத்தில் இருந்துவிட்டோம், அது எங்கள் பிழை. உங்களுக்கு முன்னால் வரிசையில் நாங்கள் ஒருவரும் நிற்கவில்லை. மண்டபத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. அந்த மனுசன் திரும்பி எங்கள் வரிசைகளைப் பார்த்தார். அண்ணை எழும்பி நின்று, ஞாபகமிருக்கிறதா என்று கேட்பது போலப் பிளாஸ்கைத் தூக்கிக் காட்டினார்.

நான் நிற்பாட்டவில்லை. கட்டில் இல்லை என்று சொல்கிறீர்கள், கட்டில் இருக்கிறது, நாங்கள் அங்கே மத்தியானம் சோறு சாப்பிட்டோம் என்றேன். மேலே ஒரு முழு வார்டு, மெத்தைகளோடு பூட்டிக் கிடக்கிறது. அதே நேரம் கீழே கிழவர்கள் தாழ்வாரத்தில் கிடந்தார்கள், அவர்களைப் பார்ப்பதா மண்டபத்தில் காத்திருப்பவர்களைப் பார்ப்பதா என்று நேர்ஸ்மார் ஓடித் திரிந்தார்கள். இரண்டையும் ஒரே நாளில் என் கண்ணால் கண்டேன். சிஸ்டர் இருந்த பக்கம் நான் திரும்பியும் பார்க்கவில்லை. அவர் சொன்ன ஒரு சொல்லையும் சொல்லவில்லை, நான் கண்டதை மட்டும் சொன்னேன்.

மேடையில் ஒருவர் குனிந்து இன்னொருவரின் காதில் ஏதோ சொன்னார். பிறகு, அந்த வார்டில் பெயின்ட் வேலை நடக்கிறது என்று பதில் வந்தது. பெயின்ட் வாசம் இல்லை, தூசிதான் இருந்தது, நாங்கள் துடைத்துவிட்டுத்தான் சாப்பிட்டோம் என்றேன். மண்டபமே சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரம் அடங்கி வேறொன்றாக மாறியது. அந்தப் பெரிய மனுசன் மேடையைப் பார்த்துத் திரும்பினார். மேலே கட்டில்கள் சும்மா கிடக்க என் மனைவி அங்கே கதிரையில் இருந்தாளா என்று கேட்டார். கத்தவில்லை. பிறகு ஒவ்வொருவராக எழும்பத் தொடங்கினார்கள். தகப்பனைத் தாழ்வாரத்தில் பறிகொடுத்த ஒரு பெண், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, சிவப்பு முகக் கிழவர் ஒருவர். அன்றைக்கு அந்தக் கூட்டத்தைக் குறித்த நேரத்துக்கு முடிக்க முடியவில்லை. எங்கள் பெண்கள் தேத்தண்ணி ஊற்றத் தொடங்கிவிட்டார்கள்.

வெளியே வந்தபோது அந்த மனுசன் அண்ணையிடம் வந்து கையை நீட்டினார். அந்தத் தேத்தண்ணி தன் தொண்டையை எரித்துவிட்டது என்றார். இன்னொரு கோப்பை இருக்கிறதா என்றும் கேட்டார். சிஸ்டர் என்னைக் கடந்து போகும்போது நிற்கவில்லை. என் கையை ஒரு தரம் இறுக்கிப் பிடித்துவிட்டு, வார்டில் சோறு சாப்பிடுவது விதிகளுக்கு விரோதம் என்று மெல்லமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவசரப் பிரிவை மூடவில்லை. எங்களால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். டொக்டர்மார், நேர்ஸ்மார், தெருவில் கையெழுத்துச் சேர்த்தவர்கள் என்று எத்தனையோ பேர் பாடுபட்டார்கள். ஆனால் அடுத்த நாள் உள்ளூர்ப் பத்திரிகையில் அந்தப் பூட்டிய வார்டைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். விசாவும் பிறகு வந்தது. என் பெயரைச் சொன்னதால் ஒருவரும் தேடி வரவில்லை.

சில வருடம் கழித்து இவருக்கு இரண்டாம் தரம் வந்தது. இந்த முறை நான் பக்கத்திலேயே இருந்தேன். அதே ஆசுபத்திரி, அதே கதவு, திறந்திருந்தது. பிழைத்துக்கொண்டார். மேலே வார்டுக்கு மாற்றிவிட்டோம் என்றார்கள். படியேறிப் போனால் அன்று பூட்டிக் கிடந்த அதே வார்டு. எல்லாக் கட்டில்களிலும் ஆட்கள். எங்கள் பெண்கள் அன்று தூசி தட்டிச் சாப்பிட்ட ஜன்னலோரத்தில் இவர் படுத்திருந்தார். நெற்றியில் விபூதி, எனக்கு முன்னாலேயே யாரோ வந்துவிட்டார்கள். தலை நரைத்துப்போன சிஸ்டர் சுவரில் இருந்த பலகையை விரலால் தட்டிக் காட்டினார். பிறகு, வடை கொண்டுவந்தீர்களா என்று கேட்டார்.

இவர் இன்றைக்கும் சோபாவில் இருந்துகொண்டு டிவியோடு சண்டை பிடிக்கிறார். அதில் யாராவது, இவர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள் என்று சொன்னால் நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பேன். முந்தி வந்த கோபம் இப்போது வருவதில்லை. ஓம், கூட்டமாகத்தான் வந்தோம், வந்தபடியால்தான் பூட்டிய கதவைக் கண்டோம், கண்டதை எங்கள் பெயரைச் சொல்லியே சொன்னோம் என்று நினைக்கும்போது, இந்த ஊரும் எங்கள் ஊர்தான் என்ற ஒரு நிமிர்வு எனக்கு வருகிறது.